தீபாவளி இனாம்: எந்தப் பெட்டி, எந்தப் பை, எது வேண்டவே வேண்டாம்

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் தெருவில் குப்பை சேகரிக்கும் பேட்டரி வண்டியைக் கவனித்தால் தெரியும். கைப்பிடியில் ஆறேழு பை தொங்கும். எல்லாவற்றிலும் அரைக் கிலோ இனிப்புப் பெட்டி. பாதிக்கு மேல் லட்டும் சோன்பப்டியும். வீட்டில் நாலு பேர், ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, ஃப்ரிட்ஜ் கிடையாது, வெளியே ஐப்பசி மழை. மூன்றரைக் கிலோ இனிப்பு நாலு நாளில் எப்படித் தீரும்? கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நல்ல மனசுதான். வாங்கின பொருள்தான் சரியில்லை.

தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், பேப்பர் போடுபவர், பால் போடுபவர், அயர்ன்காரர், சிலிண்டர் கொண்டு வருபவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோருக்குக் கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டுக் கடைகளில் தீபாவளி சமயம் கிடைக்கும் பொருள்களை மூன்று கேள்விகளை வைத்து இங்கே தரம் பார்த்திருக்கிறோம். எத்தனை நாள் தாங்கும்? மழையில் சைக்கிளில் கொண்டுபோக முடியுமா? வாங்கிக்கொள்பவருக்கு மேற்கொண்டு செலவு வைக்குமா? மூன்றாவது கேள்வியில்தான் பல பரிசுகள் தோற்றுப்போகின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடலாம். வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்பது நம் ஊர் வழக்கம். சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதமும் கணக்குப் பார்த்தால் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்தான். அந்தச் சட்டம் வீட்டு வேலைக்குப் பொருந்தாது என்றாலும் அளவுகோல் ஒன்றுதான். சேலை, ஸ்வீட் எல்லாம் இதற்கு மேல் கொடுப்பவை. இதற்குப் பதில் அல்ல. "போனஸில் பாதிக்குச் சேலை எடுத்துவிட்டோம்" என்றால் அது பரிசு இல்லை, பிடித்தம். போனஸைப் பதினைந்து நாள் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதெல்லாம் அந்தப் பணத்தில்தான். முதல் நாள் ராத்திரி கையில் கிடைத்தால் கடையில் மிச்சம் கிடப்பதுதான் அவருக்கு.

இனிப்புக் கடை கிஃப்ட் பாக்ஸ்

மேலே பளபள அட்டை, உள்ளே குழி குழியாகப் பிளாஸ்டிக் டிரே, குழிக்கு ஒரு துண்டு. பார்க்க அழகு, கொடுக்க மோசம். டிரே வைத்த பெட்டி அரைக் கிலோ அளவில் இருந்தாலும் உள்ளே 350, 400 கிராம்தான் பிடிக்கும். எடை போடும்போது காலிப் பெட்டியைத் தராசில் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள். சாதா அட்டைப் பெட்டியே 40, 50 கிராம் இருக்கும். அலங்காரப் பெட்டி அதைப் போல மூன்று மடங்கு. ஸ்வீட் விலையில் அட்டையை நிறுத்துக் கொடுப்பது எடையளவுச் சட்டப்படியும் தவறு.

இனிப்பும் காரமும் ஒரே பெட்டியில் வரும் 'காம்போ'வைத் தொடவே வேண்டாம். இனிப்பிலிருக்கும் ஈரத்தை மிக்சர் இழுத்துக்கொண்டு இரண்டே நாளில் நமுத்துவிடும். மிக்சரின் பூண்டு, பெருங்காய வாசம் மைசூர்பாகில் ஏறும். இரண்டும் கெட்டு, இரண்டுக்கும் காசு.

எந்த இனிப்பு என்பதில் நாள் கணக்குத்தான் முக்கியம். பால்கோவா, கலாகந்த், மில்க் கேக் போன்ற பால் இனிப்புகளைக் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் நம்ப முடியாது. பூந்தி லட்டு ஒரு வாரம் வரும், ஆறவைத்துப் பெட்டியில் போட்டிருந்தால். சூட்டோடு அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்த நீர் லட்டின் மேல் சொட்டி, நாலாம் நாள் பச்சையாகப் பூஞ்சை நிற்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் கடைகளில் நடப்பது அநேகமாக இதுதான். அடுப்பிலிருந்து நேராகப் பெட்டிக்கு. வாங்கும்போது அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். கெட்டி மைசூர்பாகு இரண்டு வாரம் அசையாது. வாயில் போட்டால் கரையும் நெய் மைசூர்பாகு ருசியில் மேல். ஆனால் சைக்கிள் கேரியரில் வீடு போய்ச் சேருவதற்குள் களியாகிவிடும். பாதுஷா நடுத்தரம், ஒரு வாரம் போல வரும், உடையாது.

நெய்யா, வனஸ்பதியா? பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம், ஒரு துண்டு வாயில் போட்டால் போதும். நெய் வாய்ச் சூட்டிலேயே உருகிவிடும். வனஸ்பதி உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோலப் படியும். தண்ணீர் குடித்தாலும் போகாது. நெய் விலை கொடுத்துவிட்டு மெழுகை இனாமாகக் கொடுக்க வேண்டாமே.

தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் 'இந்தத் தேதிக்குள் உண்ணவும்' என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. தட்டில் சீட்டு இல்லாத கடையில் மொத்தமாக வாங்குவது ரிஸ்க். பெட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோன்பப்டியைப் பற்றி: சீல் போட்ட டப்பா மாதக்கணக்கில் கெடாது. கெடாது என்பதாலேயே அது வீடு வீடாகச் சுற்றுகிறது. பிரித்த அன்றே தின்றுவிட வேண்டும்; மழைக் காற்று பட்டால் நூல் போலிருந்தது கட்டியாகிவிடும். நமக்கு வந்ததை அப்படியே தள்ளிவிடுவதானால் தேதியையாவது பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

ஆவின்

கொடுப்பதற்கென்றே செய்ததுபோல் இருப்பது இதன் அளவு. தீபாவளி சமயம் நெய் பாதுஷா, காஜு கத்லி போன்றவை 250 கிராம் பெட்டியாக வருகின்றன. எடை, தேதி, விலை எல்லாம் அச்சில். தராசுத் தகராறு இல்லை, நெய்யா என்ற சந்தேகமும் இல்லை. இருபது பேருக்கு வாங்கும்போது கால் கிலோ பெட்டியின் அருமை தெரியும்: அரைக் கிலோ இனிப்பு என்ற கட்டாயம் இல்லாமல் கால் கிலோ இனிப்பும் ஒரு மிக்சர் பாக்கெட்டும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம்.

குறை என்றால், வகை குறைவு. பாலகங்களில் கடைசி வாரம் கேட்டது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பத்துப் பெட்டிக்கு மேல் வேண்டுமானால் இரண்டு வாரம் முன்னாலேயே பாலகத்தில் சொல்லிவைப்பது நல்லது. வாங்கும்போது எந்தத் தேதிவரை உண்ணலாம் என்று பார்த்து, கொடுக்கும் நாளிலிருந்து குறைந்தது ஐந்து நாள் மிச்சம் இருக்கும்படி எடுங்கள். இனிப்பு வகையில் எங்கள் முதல் தேர்வு இதுதான். பாதுஷாவுக்கு முதலிடம், பால் சேர்ந்த வகைகளுக்கு இல்லை.

மாஸ்டர் வைத்துச் செய்வது

நாற்பது வீடு உள்ள அடுக்ககத்தில் சங்கமே சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பலகாரம் போடுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. பணியாளர் நாற்பது பேருக்குக் கால் கிலோ வீதம் பத்துக் கிலோ லட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கடலை மாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ சர்க்கரை விழும். ஏறத்தாழ மூன்று கிலோ லட்டு தேறும். அப்படியானால் மூன்றரைக் கிலோ மாவு. ஏலக்காய், முந்திரி, திராட்சைக்கு மாஸ்டர் எழுதும் பட்டியலை அப்படியே வாங்காமல் பாதி வாங்குங்கள். அவர்கள் பட்டியல் எப்போதும் கல்யாண அளவுதான்.

இரண்டு இடத்தில் சொதப்பும். ஒன்று, பாகு. கம்பிப் பதத்துக்கு முன்னால் பூந்தியைக் கொட்டினால் லட்டு பிடிக்க வராமல் ஈரமாகவே கிடந்து சீக்கிரம் கெடும். பதம் தாண்டினால் கல். இன்னொன்று, எண்ணெய். காலையில் முறுக்குப் பிழிந்த எண்ணெயிலேயே சாயங்காலம் பூந்தி தேய்த்தால் இனிப்பில் காறல் வரும். பூந்தி முதலில், காரம் பிறகு என்று வரிசை வைத்தால் எண்ணெயும் மிச்சம். செய்து முடித்துப் பெரிய தாம்பாளங்களில் ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே ஆறவிட்டு, மறுநாள் காலை அடைக்க வேண்டும். இந்த ஒரு ராத்திரிக்குப் பொறுமை இல்லையென்றால் மாஸ்டரைக் கூப்பிடாமல் கடையிலேயே வாங்கிவிடலாம்.

எதில் அடைப்பது என்பதும் பரிசில் சேர்த்திதான். அட்டைப் பெட்டி மழையில் கரைந்துபோகும். அழுத்தி மூடும் பிளாஸ்டிக் டப்பா, முடிந்தால் சின்ன எவர்சில்வர் தூக்கு, இரண்டும் பலகாரம் தீர்ந்த பிறகும் அந்த வீட்டில் இருக்கும். மேலே ஒரு மஞ்சப்பை. சென்னையில் பத்து ரூபாய்க்கு இயந்திரத்திலேயே கிடைக்கிறது. இரண்டு கைப்பிடி உள்ள துணிப்பை என்றால் சைக்கிள் ஹேண்டிலில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

துணி: கோ-ஆப்டெக்ஸ் கதை வேறு

துணிதான் அதிகம் ஏமாற்றும் பரிசு. சட்டைத் துணி இரண்டேகால் மீட்டர் வாங்கிக் கொடுக்கிறோம். தையல் கூலி துணி விலையைத் தாண்டும். தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே டெய்லர்கள் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று பலகை மாட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தத் துணி பொங்கல் வரை பீரோவில்தான். சேலையும் இதே கணக்கு. ரவிக்கை தைக்க வேண்டும், லைனிங், உள்பாவாடை வாங்க வேண்டும். அறுநூறு ரூபாய்ச் சேலை வாங்கிக்கொண்டவருக்கு முந்நூறு ரூபாய் செலவு. சேலைதான் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் கொடுங்கள், கவரில் தையல் கூலியும் வைத்து. சேலையை அவரே பார்த்து எடுக்கட்டும். நைட்டி வேண்டுமா என்று கேட்டால் பலரும் சந்தோஷமாக அதையே சொல்வார்கள்; அளவு எக்ஸ்எல்லா டபுள் எக்ஸ்எல்லா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவும் வேண்டாம் தையலும் வேண்டாம் என்றால் போர்வை, துண்டு, லுங்கி, வேட்டி. இதற்குக் கோ-ஆப்டெக்ஸ் சரியான இடம். 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அமைப்பு. தீபாவளி சமயம் 30 சதவீதத் தள்ளுபடி ஆண்டுதோறும் உண்டு. துண்டு, லுங்கி, போர்வை எல்லாவற்றிலும் இந்தத் தள்ளுபடியைக் கழித்துப் பார்த்தால் கொடுக்கும் கணக்குக்குள் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் வாட்ச்மேனுக்குச் சென்னிமலைப் போர்வையை விட உபயோகமான பொருள் இந்தக் கடையில் வேறு இல்லை. பணம் போவதும் நெசவாளிக்கு.

வேட்டி எடுக்கும்போது நாலு முழமா எட்டு முழமா என்று கேளுங்கள். நாலு முழம் ஒற்றை, ஏறத்தாழ இரண்டு மீட்டர். எட்டு முழம் மடித்துக் கட்டுவது. வேலைக்கு நடுவே கட்டுபவருக்கு நாலு முழமே வசதி. லுங்கியில் மூட்டியது, மூட்டாதது என்று இரண்டு உண்டு. மூட்டியதையே எடுங்கள், இல்லையென்றால் அதற்கும் டெய்லர்.

கைத்தறியின் குணம் ஒன்றைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: முதல் இரண்டு அலசலில் அடர்நிறம் சாயம் விடும். தனியாக ஊறவைக்காமல் பிள்ளையின் பள்ளிச் சீருடையோடு போட்டால் பரிசு சாபமாகிவிடும். சிவப்பு, கருநீலம் தவிர்த்து வெளிர்நிறம் எடுத்தால் இந்தப் பேச்சே வேண்டாம். கடைசி வாரம் பில் போடும் வரிசை நீளம். செவ்வாய், புதன் காலையில் போய்விடுங்கள்.

எண்ணெய்க் குளியல் பை

இது கடையில் ரெடியாகவும் கிடைக்கும், நாமே சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். 200 மில்லி நல்லெண்ணெய், 100 கிராம் சீயக்காய், ஒரு சின்ன பாட்டில் தீபாவளி லேகியம். இருபது பேரில் பத்தொன்பது பேர் ஸ்வீட் கொடுக்கும்போது இந்தப் பை தனியாகத் தெரியும்.

ரெடிமேட் பைகளில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே இருப்பது நல்லெண்ணெய்தானா, விளக்கேற்றும் தீப எண்ணெயா என்று சிறிய எழுத்தைப் படியுங்கள். நிறமும் பாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை; சமையலுக்கு ஆகாது. வாங்கிக்கொண்டவர் தோசைக்கு ஊற்றினால் யார் பொறுப்பு?

லேகியத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம். சென்னையில் இம்ப்காப்ஸ் என்ற மருத்துவர் கூட்டுறவு மருந்தகத்தின் லேகியம் பலருக்கும் பழக்கம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வெல்லப்பாகில் கிளறியது என்பதால் வாரக்கணக்கில் கெடாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு இதுவும் இனிப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் ஏழு பெட்டி ஸ்வீட் குவியும் நேரத்தில் வயிற்றுக்கு மருந்தாகப் போய்ச் சேரும் ஒரே பரிசு இது.

பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். '30 வகை' என்று போட்டிருக்கும் பெட்டியில் பாம்பு மாத்திரையும் தீப்பெட்டியும்கூட ஒரு வகைதான். அச்சிட்ட விலையில் 80 சதவீதம் தள்ளுபடி என்பதையும் நம்பி மகிழ வேண்டாம், அந்த அச்சிட்ட விலைக்கு யாருமே விற்பதில்லை. உதிரியாகக் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் மூன்றும் வாங்கினால் அதே காசுக்குப் பிள்ளைகள் கையில் அதிக நேரம் நிற்கும்.

பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்த வாட்ச்மேனுக்குப் பட்டாசு கொடுக்காதீர்கள். ஊருக்குக் கிளம்பினால் ரயிலில் கொண்டுபோவது குற்றம். பிடிபட்டால் அவருக்குத்தான் வழக்கு. பீகார்க்காரருக்குப் பெரிய பண்டிகை தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை. அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் பரிசைப் பணமாக, டிக்கெட் எடுக்கும் நாளுக்கு முன்னால் கொடுத்தால் அதுதான் உதவி. நேபாளத்துக்காரர் என்றால் தசைன் பண்டிகை இன்னும் முன்னாலேயே வந்துவிடும்.

தலைக்கு 500 ரூபாய் என்றால்

எங்கள் பங்கீடு இதுதான்: 300 ரூபாய் கவரில். மிச்சம் 200க்குக் கால் கிலோ காரம், அதே பையில் இனிப்பு ஒரு சின்னப் பெட்டி அல்லது குளியல் பை. காரத்தில் தட்டை, முள்ளு முறுக்கு இரண்டும் மிக்சரை விட நாள் தாங்கும், சர்க்கரைக்காரரும் அளவோடு சாப்பிடலாம். இருபது பேருக்குப் பத்தாயிரம். இரண்டு பை கூடுதலாகப் போட்டு வையுங்கள். மாற்று ஆளாக வரும் தூய்மைப் பணியாளரையும் ராத்திரி ஷிஃப்ட் வாட்ச்மேனையும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவர்கள் கண் முன்னாலேயே மற்றவருக்குக் கொடுப்போம். பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்னால் மேஸ்திரியிடமோ செக்யூரிட்டியிடமோ கேட்டு எழுதிக் கவரில் பெயர் போட்டுவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குபவரிடம் ஏழு மணிக்குப் பலகாரப் பையைக் கொடுத்தால், ஷிஃப்ட் முடியும்வரை குப்பை வண்டியில்தான் அது தொங்க வேண்டும். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் கொடுங்கள். மூன்றாம் மாடிக்கு ஏறி வரச் சொல்லாமல் நாம் இறங்கிப் போய்க் கொடுக்கலாம். வரிசையில் நிற்கவைத்து போட்டோ எடுப்பது வேண்டாம். அப்படித்தான் நடக்கும் என்றால் கவரை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவதே மரியாதை.

ஆதரவற்றோர், முதியோர் இல்லங்களுக்குக் கொடுப்பது தனிச் சமாசாரம். ஒரு வரியில்: தீபாவளி அன்றைய சாப்பாட்டுக்குப் பல இல்லங்களில் ஏற்கெனவே கொடுக்க ஆள் இருக்கும், போன் செய்து அடுத்த வாரத்தில் எந்த நாள் காலி என்று கேளுங்கள். முதியோர் இல்லம் என்றால் பலகாரத்துக்குப் பதில் பெரியவர்களுக்கான டயப்பர், அளவு கேட்டு.

மறுநாள் காலைக்கு ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது, இதற்குக் காசே ஆகாது. வாசலில் கிடக்கும் பட்டாசுக் குப்பையை நாமே கூட்டித் தண்ணீர் தெளித்து, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் ஒரு சாக்கில் கட்டி வைக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சி இதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுகளைக் கையாளும் இடத்துக்கு அனுப்புகிறது. கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது அந்தப் பேட்டரி வண்டிக்காரர் வேலை. வெடிக்காமல் கிடப்பதை வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். எரிந்த மத்தாப்புக் கம்பிகளை மட்டும் எண்ணெய் டின்னிலோ தடித்த அட்டைக்குள்ளோ தனியே சுற்றிக் கட்டுங்கள். சாக்கைத் துளைத்துக்கொண்டு வந்து தூக்குகிறவர் உள்ளங்கையில் ஏறுவது அதுதான்.